ஓரம் வெட்டிய ரோல்

இடது கன்னம் முடிந்து, தாடைக்குக் கீழே ரேசரை இறக்கும்போதுதான் தம்பிக்காரருக்கு வாய் திறந்தது.

"அண்ணே, அந்தக் கல்யாண ரோல் இருக்கே, அது உங்க தப்பு இல்லை."

மூன்று தலையணைகளில் சாய்ந்து கிடந்த அண்ணன் கண்ணைத் திறக்கவில்லை. சவரத்துக்கு முகத்தைக் கொடுத்துவிட்டால் கண்ணை மூடிக்கொள்வது எண்பது வயதிலும் அவர் பழக்கம். மூக்குக்குக் கீழே ஒட்டியிருந்த நுரையில் ஒரு சின்னக் குமிழ் மட்டும் உப்புவதும் அமுங்குவதுமாக இருந்தது. டாக்டர் மாட்டிவிட்டுப் போன கருவியைவிடத் தம்பிக்காரர் அந்தக் குமிழைத்தான் நம்பினார்.

ஒன்பது நாளாக இதற்குத்தான் அலைந்துகொண்டிருந்தார். இனி நாள் கணக்குத்தான் என்று டாக்டர் கையை விரித்த அன்றே, போகிறவரிடம் உண்மையைச் சொல்லி அனுப்பிவிட வேண்டும் என்று முடிவுகட்டிவிட்டார். ஆனால் இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொண்டையைச் செருமினால் போதும், எங்கிருந்தோ ஓர் ஆள் முளைத்துவிடும். முதல் நாள் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டாம் நாள் நர்ஸ். மூன்றாம் நாள், முப்பது வருஷத்துக்கு முன் பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டு போன ஒருவர், அந்தப் படத்தில் தன் காதுகள் இரண்டும் ஒரே அளவாக விழுந்ததற்கு நன்றி சொல்ல வந்தார். ஐந்தாம் நாள் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர்கூட உள்ளே வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதுவிட்டுப் போனார். அந்த ஒன்பது நாளில் அந்த அறைக்குள் வராதவர்கள் என்று பார்த்தால் கப்பற்படையைத்தான் சொல்ல வேண்டும்.

பத்தாம் நாள் காலையில் அதிசயமாக யாருமே வரவில்லை. அண்ணி வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வீடு அமைதியாக இருந்தது.

"ஷட்டர் திறக்கலைன்னு ஊரே சொல்லுச்சு. ஷட்டர் நல்லாத்தான் திறந்துச்சு அண்ணே. காலி பண்ணது நான்."

ரேசர் தாடைக்குக் கீழே அப்படியே நின்றது. வாய் நிற்கவில்லை.

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், கடைத்தெருவில் இருந்த அவர்கள் ஸ்டூடியோவில் முன்னறை அண்ணனுடையது, பின்னறை தம்பியுடையது. முன்னறையில் விளக்குகள், வரைந்த திரை, கேமரா. பின்னறையில் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. அதுதான் அதன் தகுதி. அண்ணன் எடுத்துக்கொண்டு வரும் பிலிம் ரோலைத் தம்பி அந்தக் கும்மிருட்டில் மூன்று தொட்டிகளில் வரிசையாக முக்கி எடுப்பார். முதல் தொட்டியில் டெவலப்பர்; படத்தை வரவழைப்பது. நடுவில் தண்ணீர். கடைசியில் ஹைப்போ, வந்த படத்தைக் கலையாமல் நிறுத்திவிட்டு, மற்றதையெல்லாம் கரைத்துத் துடைத்துவிடும். வரிசை மாறக்கூடாது. படம் வருவதற்கு முன்பே ஹைப்போவில் போட்டால் எல்லாமே அதற்கு 'மற்றது'தான்.

மாவுமில்காரர் மகள் கல்யாணத்துக்கு முதல் நாள், சும்மா இருக்காமல் தம்பிக்காரர் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்தார். திரும்ப மருந்து ஊற்றி எடுத்து வைக்கும்போது கடைசித் தொட்டி முதலிலும் முதல் தொட்டி கடைசியிலும் போய் உட்கார்ந்துவிட்டன. மோந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கலாம், ஹைப்போவுக்கு என்று ஒரு வாசம் உண்டு. ஆனால் அன்று அவருக்கு ஜலதோஷம். அறைக்குள் யானை செத்துக் கிடந்திருந்தாலும் தெரிந்திருக்காது. கல்யாணத்தின் நாலு ரோலையும் ஒன்றாகக் கிளிப்பில் மாட்டி முக்கினார். இருட்டில் கடிகாரம் தெரியாதாகையால் மனதுக்குள்ளேயே ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணுவார். அன்றும் ஒரு விநாடி பிசகாமல் எண்ணினார். எல்லாம் முடிந்து விளக்கைப் போட்டால் நாலு ரோலும் ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தன. மாப்பிள்ளை இல்லை, பெண் இல்லை, அறுநூறு விருந்தாளிகளில் ஒருவர்கூட இல்லை.

"அதோட விட்டிருந்தாலும் பரவால்ல அண்ணே. அப்புறம் ஒண்ணு பண்ணேன்."

பிலிமின் இரண்டு ஓரத்திலும் அதைச் செய்கிற தொழிற்சாலையே எண்களைப் பதித்து அனுப்பும். ஷட்டர் திறக்காமல் படமே விழாமல் போயிருந்தாலும், ஒழுங்காக டெவலப் செய்தால் அந்த எண்கள் மட்டும் ஓரத்தில் வந்து நிற்கும். எண்களும் இல்லையென்றால் தப்புச் செய்தவர் கேமராக்காரர் அல்ல, இருட்டறைக்காரர். அந்தத் தொழிலில் இருக்கிற எவருக்கும் இது தெரியும். ஸ்டூடியோவில் எலி பிடிக்க வைத்திருந்த பூனைக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆகவே தம்பிக்காரர் கத்தரிக்கோலை எடுத்தார். நாலு ரோலுக்கும் இரண்டு பக்கமும் ஓரத்தைச் சீராக வெட்டினார். மொத்தம் ஆறு மீட்டருக்கு மேல் இருக்கும். வெட்டியதை அடுப்பில் போட்டார். அண்ணன் வந்து கேட்டபோது, கிளிப்பில் மாட்டி ஓரம் கிழிந்துவிட்டது, அதனால் சீவிவிட்டேன் என்றார்.

அண்ணன் அந்த ஒல்லிப் பட்டைகளை விளக்கில் பிடித்து வெகு நேரம் பார்த்தார். "ஷட்டர் திறக்கலை போலிருக்கு" என்றார். அன்று சாயங்காலமே மாவுமில்காரர் வீட்டுக்குப் போய், அறுபது பேருக்கு முன்னால் நின்று, கேமரா என் கையில் இருந்தது, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் காலையில் அவருக்கு ஊரில் ஒரு பெயர் வந்திருந்தது: காலிரோல்.

"உங்க பேரு அது இல்லை அண்ணே. என் பேரு. நாப்பத்தெட்டு வருஷமா நீங்க போட்டுக்கிட்டுத் திரியறீங்க."

சொல்லி முடித்தாயிற்று. மூக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு, பதிலுக்காகக் குனிந்து பார்த்தார். குமிழ் இல்லை. நுரை காய்ந்து, உச்சியில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் இருந்தது.

*

டாக்டர் வந்தபோது தம்பிக்காரர் வலது கன்னத்தைச் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஐயா, போதும், வைங்க" என்றார் டாக்டர்.

"ஒரு பக்கத்தோட எப்படி அனுப்பறது? முடிச்சிடறேன்" என்றார் இவர். டாக்டர் தலையை ஆட்டிவிட்டுக் காத்திருந்தார். தன் வாழ்நாளில் இவ்வளவு மழமழப்பான சாவை அவர் பார்த்திருக்க மாட்டார்.

மணி பத்துக்குள் கூடம் நிறைந்துவிட்டது. அண்ணனைக் குளிப்பாட்டி, நல்ல வெள்ளைச் சட்டை போட்டு, நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். மாலை நாலு மணிக்கு எடுப்பது என்று முடிவாயிற்று. அண்ணனின் மகள் வந்து இறங்கி, அப்பாவின் நெற்றியைத் தடவி அழுதுவிட்டு, நேராகத் தம்பிக்காரரிடம் வந்தாள்.

"கடைசியா நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாமே சித்தப்பா. ஏதாவது சொன்னாரா?"

"இல்லம்மா. நான்தான் பேசிட்டிருந்தேன்."

"அதுவும் நல்லதுதான். உங்க குரலைக் கேட்டுக்கிட்டே போயிருக்கார்."

கேட்டுக்கொண்டே போனாரா என்பதுதான் கேள்வி. தம்பிக்காரர் மூலையில் ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார். முதல் வாக்கியம் சொன்னபோது குமிழ் இருந்தது, அதில் சந்தேகமில்லை. தொட்டி மாறிய இடத்தில்? இருந்த மாதிரிதான். ஜலதோஷம் வரைக்கும்கூட இருந்திருக்கும். கத்தரிக்கோல்? அங்கேதான் பிடி கிடைக்கவில்லை. வாழ்நாள் முழுக்க இருட்டில் நின்று ஒவ்வொரு விநாடியாக எண்ணிய மனுஷன், எண்ண வேண்டிய ஒரே ஒரு நாலு நிமிஷத்தை எண்ணாமல் விட்டுவிட்டார். அண்ணன் எந்த வாக்கியத்தில் போனார்? 'காலி பண்ணது நான்' என்பதைக் கேட்டுவிட்டுப் போனாரா, இல்லை 'உங்க தப்பு இல்லை' என்பதோடு நின்றுபோய், தம்பி ஏதோ ஆறுதல் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாரா?

வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வந்தார்கள். காலிரோல் போயிட்டாராமே. எங்க வீட்டு மூணு தலைமுறையையும் காலிரோல்தான் எடுத்தார். பாசமாகத்தான் சொன்னார்கள், அது பட்டப்பெயர் என்பதே பாதிப் பேருக்கு மறந்துபோயிருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தம்பிக்காரருக்கு யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி தூக்கிவாரிப்போட்டது. இரண்டு தடவை எழுந்தே நின்றுவிட்டார். அழுகையை அடக்க முடியாமல் எழுகிறார் என்று நினைத்து அவரைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

கூடத்தின் மறுபக்கம் கிழவர்கள் சிலர் உட்கார்ந்து அண்ணனின் கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்க உட்காருகிறவர்களை அசையாமல் வைத்திருக்க அண்ணனிடம் ஒரே ஆயுதம்தான் இருந்தது: புகைப்படம் பிறந்த கதை. உலகத்தில் முதன்முதலாக எடுத்த படத்துக்கு எட்டு மணி நேரம் பிடித்ததாம் என்று ஆரம்பிப்பார். ஒரு ஜன்னலுக்கு வெளியே தெரிந்த வெறும் கூரைகள்தான் அந்தப் படம். காலையிலிருந்து சாயங்காலம் வரை கேமரா திறந்தே கிடந்ததால் வெயில் இரண்டு பக்கச் சுவரிலும் அடித்திருக்குமாம். அடுத்தது அந்தப் பெரிய தெருவின் படம். ஆளும் வண்டியும் ஜேஜே என்று போய்க்கொண்டிருந்த தெரு, படத்தில் ஈ காக்கை இல்லாமல் கிடந்ததாம், ஏனென்றால் நடமாடின எதுவும் பதியவே இல்லை. நின்றுகொண்டு செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்ட ஒரே ஓர் ஆள் மட்டும் பதிந்துவிட்டானாம். "அதனால நிலைக்கணும்னா நில்லுங்க" என்பார். அப்புறம், அசையாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புக் கவ்வி மாட்டி உட்காரவைத்த காலம். அண்ணனின் சொல்லில் அந்தக் கவ்வி வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போய், கடைசியில் கிட்டத்தட்டத் தூக்குமேடை ஆகியிருந்தது. இதற்குள் படத்துக்கு உட்கார்ந்தவர் வாயைப் பிளந்தபடி சிலையாகியிருப்பார். கிளிக்.

"ஆனா ஹைப்போ கதைக்கு வந்துட்டா மட்டும் ஏன்னு தெரியலை, கத்துவார்" என்றார் ஒரு கிழவர்.

அது உண்மை. ஆரம்பத்தில் படத்தை வரவழைக்கத் தெரிந்தது, நிறுத்தி வைக்கத் தெரியவில்லை. எடுத்த படத்தை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருட்டுத்தனமாகப் பார்ப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து அதுவும் போய்விடும். ஹைப்போ வந்த பிறகுதான் படம் என்பதே மிஞ்சியது என்று சொல்லிக்கொண்டு வந்து, இருட்டறைக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஆனா எல்லாம் முடிஞ்சு கடைசியிலதான் ஹைப்போ! கடைசியில!" என்று தெருவுக்கே கேட்கும்படி முழங்குவார். பின்னறையில் தம்பிக்காரர், அண்ணனுக்குத் தன் வேலைமேல் எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொள்வார்.

பகல் இரண்டு மணி வாக்கில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கைத்தடியும் தானுமாக இறங்கிய அம்மாளைத் தம்பிக்காரருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மாவுமில்காரர் மகள். அந்தக் கல்யாணப் பெண்.

அவளுடைய கல்யாணம் இரண்டு தடவை நடந்தது. மண்டபத்தில் ஒரு தடவை. பதினைந்து நாள் கழித்து, ஸ்டூடியோவில், படத்துக்காக ஒரு தடவை. அதற்குள் மாப்பிள்ளை மீசையை எடுத்துவிட்டிருந்தார். அதைத் தம்பிக்காரர் பிரிண்டில் பென்சிலால் வளர்த்தார். பெரியப்பா கப்பலேறிப் போய்விட்டிருந்தார்; அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு எதிர்க்கடைத் தையல்காரர் முதுகைக் காட்டி நின்றார். இரண்டு சம்பந்திகளுக்கும் அதற்குள் சண்டை வந்துவிட்டதால் நடுவில் ஒரு பஸ் போகிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். அந்த இடத்தை நிரப்ப அண்ணன் ஒரு பூந்தொட்டியை வைத்தார், போதவில்லை, இன்னொன்று வைத்தார், கடைசியில் அந்தப் படத்தில் ஆட்களைவிடச் செடிகள் அதிகம்.

அந்த அம்மாள் அண்ணனின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தாள். தம்பிக்காரர் எழுந்தார். அண்ணன் கேட்டாரோ இல்லையோ, இனி அது தெரியப்போவதில்லை. ஆனால் இன்னும் இரண்டு மணி நேரம் அவர் இந்தக் கூடத்தில்தான் இருக்கப்போகிறார். அதற்குள் ஊர் அறிய அந்தப் பெயரை அவரிடமிருந்து கழற்றிவிட வேண்டும். சொல்ல வேண்டிய இடமும் இதுதான், ஆளும் இவள்தான்.

நேராகப் போய் அவள் முன்னால் நின்றார். கூடம் அவரைப் பார்த்தது.

"அம்மா, உங்க கல்யாணப் படம்..."

"அதைப் பத்தித்தான் நானும் நினைச்சுக்கிட்டு வந்தேன்" என்றாள் அவள். "கல்யாணத்தன்னைக்கு எனக்குப் பல்வலி, தெரியுமா? ஒரு கன்னம் பூசணிக்கா மாதிரி. மண்டபத்துல எடுத்தது வந்திருந்தா வாழ்நாள் பூரா அதைச் செவுத்துல மாட்டிவச்சுப் பாத்துக்கிட்டிருக்கணும். எங்கப்பா அன்னைக்கு உங்க அண்ணனை அந்தப் பேச்சுப் பேசினார். நான் உள்ள உக்காந்து சாமிக்கு நன்றி சொல்லிட்டிருந்தேன்."

"இல்லம்மா, அது அண்ணன்..."

முழங்கையில் ஒரு பிடி விழுந்தது. அண்ணி. எழுபத்தேழு வயதுக் கைக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"தம்பி, கொஞ்சம் உள்ள வா."

சமையலறையை ஒட்டி, வீட்டிலும் ஒரு சின்ன இருட்டறை ஒரு காலத்தில் இருந்தது. கலர் பிலிம் வந்து, எல்லாரும் மெஷின் லேபுக்கு ஓடின பிறகு அது சாமான் அறையாகிவிட்டது. பழைய மின்விசிறி, உடைந்த ஸ்டூல், காலி டப்பாக்கள். அண்ணி அவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தி விளக்கைப் போட்டாள்.

"என்ன சொல்லப் போனே?"

"அண்ணி, அந்த ரோலைக் கெடுத்தது..."

"நீ. தொட்டியை மாத்தி வச்சே. ஹைப்போல முதல்ல போட்டே. ஓரத்தை வெட்டுனே. அடுப்புல எரிச்சே."

தம்பிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அது உடைந்த ஸ்டூல் என்பதால் பாதிதான் உட்கார முடிந்தது.

"கதவுக்கு வெளிய நின்னு கேட்டீங்களா?"

"காலைல நீ சொன்னதையா? எனக்கெதுக்கு அது. நாப்பத்தெட்டு வருஷம் முன்னாடியே கேட்டாச்சு. அன்னைக்குச் சாயங்காலம் மில்லுக்காரர் வீட்லேர்ந்து வந்தாரே, பையிலேர்ந்து அந்தப் பட்டையை எடுத்து என் முன்னால ஆட்டினார். 'பாத்தியாடி, ரெண்டு பக்கமும் அளவெடுத்து வெட்டியிருக்கான். கிளிப்புல மாட்டுனா ஒரு ஓரம் கிழியும், நாலு ரோலுக்கும் எட்டு ஓரமுமா கிழியும்? ஓரத்துல நம்பர் இருந்தா என் தப்பு. நம்பர் இருந்திருந்தா இவன் எதுக்கு வெட்டப்போறான்'னு."

எட்டு ஓரம். நாற்பத்தெட்டு வருஷமாகத் தம்பிக்காரருக்கு அந்தக் குற்ற உணர்ச்சிக்கு நடுவிலும் ஓர் ஓரத்தில் பெருமை இருந்தது, தடயத்தை என்ன சாமர்த்தியமாக அழித்தோம் என்று. அது இப்போது சத்தமில்லாமல் சரிந்தது.

"அப்புறம் ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'என் பேரு கெட்டாலும் என்னால கேமரா பிடிக்க முடியும். அவன் கை நடுங்க ஆரம்பிச்சா ஒரு ரோல் தேறாது, கடையை மூடணும்'னார். சரி, ஒரு மாசம் போகட்டும்னு விட்டோம். அப்புறம் நீயா சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தார். தினம் கடையிலேர்ந்து வந்ததும் நான் கேப்பேன், சொன்னானான்னு. 'இன்னைக்கும் சொல்லலை. ஹைப்போ கடைசியிலன்னு கத்திக்கூடப் பாத்தேன், ஆமாண்ணேன்னு உள்ளேயிருந்து பதில் சொல்றான்'னு விழுந்து விழுந்து சிரிப்பார். எங்களுக்குக் குடும்பத்துல வேற என்ன பொழுதுபோக்கு?"

தம்பிக்காரர் ஸ்டூலிலிருந்து சரியாமலிருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு தடவை நானே சொல்லிடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னுட்டார். 'சொன்னா மன்னிப்புக் கேப்பான், நான் பெரிய மனுஷனா மன்னிக்கணும், அப்புறம் ரெண்டு பேரும் வாழ்நாள் பூரா மரியாதையா நடந்துக்கணும். யாரால ஆகும்'னார்."

வெளியே யாரோ தண்ணீர் கேட்டார்கள், யாரோ கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அண்ணி கதவில் சாய்ந்துகொண்டாள். அப்போதுதான் அவள் முகம் எவ்வளவு களைத்திருக்கிறது என்பதைத் தம்பிக்காரர் கவனித்தார்.

"ஒன்பது நாளா நீ வாயைத் திறக்கறதும் எவனாவது உள்ள வர்றதுமா இருந்துச்சே. மீட்டர்காரன் வந்து அழுதுட்டுப் போனானே, அன்னைக்கு இவர் என்னைப் பாத்துக் கண்ணடிச்சார். பேச முடியலை, ஆனா கண்ணடிச்சார். அதான் இன்னைக்குக் காலைல நான் வாசல்ல நாற்காலியைப் போட்டு உக்காந்து வந்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்புனேன். நீ பேசுற சத்தம் கேட்டுச்சு. முடியட்டும்னு உக்காந்திருந்தேன்."

தம்பிக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்த நாலு நிமிஷமும் அவள் வெளியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"அண்ணி, நான் சொல்லி முடிக்கிறப்போ அவர் இல்லை. எதுவரைக்கும் கேட்டார்னே தெரியலை."

"எதுவரைக்கும் கேட்டிருந்தா என்ன? அதுல அவருக்குத் தெரியாதது என்ன இருந்துச்சு?"

தம்பிக்காரர் யோசித்தார். "ஜலதோஷம்" என்றார்.

அண்ணி ஒரு கணம் அவரையே பார்த்தாள். "ஆமா, அது தெரியாது" என்றாள். "இவனுக்கு மூக்கு எங்க போச்சுன்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தார்."

முதலில் யார் ஆரம்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. தம்பிக்காரருக்கு அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. அண்ணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவர் ஒரு காலி டப்பாவை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார், சத்தம் அதற்குள் போகட்டும் என்று; டப்பாவுக்குள் போன சத்தம் இரண்டு மடங்காக வெளியே வந்தது. கூடத்தில் பேச்சு அடங்கிவிட்டது. பாவம், ரெண்டு பேரும் இப்பத்தான் மனசுவிட்டு அழறாங்க என்று யாரோ சொல்வது கதவு வழியாகக் கேட்டது. அது கேட்டதும் அண்ணியால் நிற்க முடியவில்லை. அவர் எழுந்து அவளை ஸ்டூலில் உட்காரவைக்கப் பார்க்க, மிச்சமிருந்த பாதி ஸ்டூலும் உடைந்தது.

வெகு நேரம் கழித்துத்தான் மூச்சு சீரானது. இரண்டு பேருக்கும் கண்ணும் மூக்கும் சிவந்து, எந்தத் துக்க வீட்டிலும் குறை சொல்ல முடியாத முகங்களாக இருந்தன.

"நான் போய் அந்தம்மாகிட்டச் சொல்லிடறேன் அண்ணி. பேரையாவது திருப்பி வாங்கிக்கறேன்."

"வாங்கித் தொலைக்காதே. அது அவர் பேரு" என்றாள் அண்ணி, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "முப்பது வருஷமா டெலிபோன்ல காலிரோல் பேசறேன்னுதான் சொல்லிட்டிருந்தார். போறப்போ வெறும் ஆளா அனுப்பணுமா?"

*

நாலு மணிக்கு எடுத்தார்கள். அமரர் ஊர்தியின் முன் இருக்கையில், டிரைவருக்குப் பக்கத்தில், கூடப்பிறந்தவர் என்று தம்பிக்காரரை ஏற்றினார்கள். அண்ணியும் மகளும் பின்னால் வந்த முதல் காரில் இருந்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு வரிசை வண்டிகள். தண்ணீர் மீட்டர் பார்க்கிறவர் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார்.

வெயில் சாய்ந்திருந்தது. கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே வைத்துக்கொண்டதும் காற்று சட்டைக்குள் புகுந்தது. தம்பிக்காரருக்குப் பசித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதே அப்போதுதான் நினைவு வந்தது. கடைத்தெருவைத் தாண்டும்போது அவர்கள் ஸ்டூடியோ இருந்த இடத்தில் இப்போது இருக்கும் செருப்புக்கடையைப் பார்த்தார். ஒருவர் ஒற்றைக் காலில் நின்று புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் நாற்பது வயதுக்காரர். சாவு வண்டி ஓட்டுகிறவருக்கு வேண்டிய முகம் அவருக்கு இருந்தது. எதற்கும் அசையாத முகம். கடைத்தெரு முடிந்ததும் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, தப்பா நினைக்கக் கூடாது. அங்க எல்லாரும் காலிரோல், காலிரோல்னு சொன்னாங்களே, அப்படின்னா என்னங்க?"

"அது எங்க அண்ணன் பேரு."

"பேரே அதுதானா?"

தம்பிக்காரர் பின்னால் திரும்பி, கண்ணாடித் தடுப்பு வழியாக ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"மயானம் இன்னும் எவ்வளவு தூரம்?"

"இருபது நிமிஷம் ஆகும் ஐயா."

"போதும்" என்று சொல்லிவிட்டுத் தம்பிக்காரர் சரியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். தொட்டிகளைக் கழுவியதிலிருந்து ஆரம்பித்தார். ஜலதோஷத்துக்கு வந்தபோது டிரைவரின் உதடு லேசாக ஆடியது. விளக்கைப் போட்ட இடத்தில் அறுநூறு விருந்தாளிகளை ஆயிரத்து இருநூறாக ஆக்கினார். யார் எண்ணப் போகிறார்கள். கத்தரிக்கோலை எடுத்துச் சக் சக்கென்று ஆறு மீட்டரை வெட்டிக் காட்டிவிட்டு, எட்டு ஓரமும் எப்படிடா கிழியும் என்று அண்ணன் குரலிலேயே கேட்டபோது டிரைவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. முகத்தை மட்டும் தொழிலுக்கு ஏற்றபடி நேராக வைத்திருந்தார்.

"அப்புறம் அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமே சொல்லலைப்பா. அதான் கதையே."

வலப்பக்கம் மயானத்துக்குத் திரும்ப வேண்டிய வளைவு மெதுவாக ஜன்னலைக் கடந்து பின்னால் போயிற்று. இருவருமே அதைக் கவனிக்கவில்லை. பின்னால் வந்த பதினோரு வண்டிகளும் ஒரு ஸ்கூட்டரும், ஒன்றுகூட ஹாரன் அடிக்காமல், அவர்களைத் தொடர்ந்து காய்கறிச் சந்தைத் தெருவுக்குள் நுழைந்தன.